எட்டாவது அடுக்கு

கணினி வலையமைப்புப் பாடத்தில் ஏழு அடுக்குகள் உண்டு. கம்பியில் ஓடும் மின்துடிப்பு முதல் அடுக்கு. உலாவியும் மின்னஞ்சலும் பேசிக்கொள்ளும் மொழி ஏழாவது. நடுவில் இருப்பவை பாக்கெட்டுக்கு முகவரி எழுதுவது, வழி கண்டுபிடிப்பது, வழியில் தொலைந்ததைத் திருப்பி அனுப்பச் சொல்வது என்று ஆளுக்கு ஒரு வேலையைப் பார்க்கும். ஒரு பொறியியல் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக இதை நடத்திக்கொண்டிருக்கிறேன். முதல் வாரத்திலேயே ஒரு ஜோக்கும் சொல்லிவிடுவேன். "ஏழு அடுக்குலயும் கோளாறு இல்லேன்னா, எட்டாவது அடுக்குல இருக்கும்பா." எட்டாவது எது சார் என்று ஒரு பையனாவது கேட்பான். "கீபோர்டு முன்னாடி உட்கார்ந்திருக்கானே, அவன்தான்." வகுப்பு சிரிக்கும்.

இது என் சொந்த ஜோக் இல்லை. உலகம் முழுக்க நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் சொல்வது. பயனரால் வந்த கோளாறு என்றால் 'லேயர் எயிட் பிராப்ளம்' என்று கண்ணடித்துவிட்டுப் போவார்கள். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு நான் அதைச் சொல்வதில்லை.

அந்த மாதம் மயிலாடுதுறையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு ஒரு போன் வந்தது. பெரியப்பாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கையெழுத்தைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவர். நகைக்கடன் சீட்டில் கையெழுத்தின் சுழி மாறியிருந்தால் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் போனை எடுக்கும் முன் எண்ணைப் பார்த்தார். வங்கிக் கிளையின் லேண்ட்லைன் எண். பாஸ்புக்கின் உள்ளட்டையில் அச்சடித்திருப்பது. அவருக்கு மனப்பாடம். எடுத்தார். பேசியவன் "ஐயா" என்று கூப்பிட்டு, அவர் பெயரைச் சொல்லி, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சொல்லி, பென்ஷன் எந்தத் தேதியில் வரவானது என்பதையும் சொன்னான். கார்டு புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாத பென்ஷன் நின்றுவிடும், ஒரு எண் வரும், அதை மட்டும் சொல்லுங்கள் என்றான். பெரியப்பா சொன்னார். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. பெரியம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக வைத்திருந்த ₹2,36,000 பதினோரு நிமிடத்தில் போய்விட்டது.

கிளைக்குப் போனோம். மேலே எழுதினோம். அதற்கும் மேலே எழுதினோம். எல்லா இடத்திலிருந்தும் ஒரே வரிதான் பதிலாக வந்தது: வாடிக்கையாளர் ஓடிபியைத் தானே பகிர்ந்துள்ளார், எனவே வங்கி பொறுப்பல்ல. நான் வகுப்பில் சொன்ன ஜோக்கை அரசாங்கத் தமிழில் எழுதியது போல இருந்தது.

அன்று திரும்பி வரும்போது பெரியப்பா பஸ்ஸில் என்னிடம் கேட்டார்: "ஏன்டா, நம்பர் பேங்க் நம்பர்தானே? நீயும் பாத்தியே?" பார்த்தேன், அது வங்கி எண்தான், ஆனால் கூப்பிட்டது வங்கி இல்லை என்றேன். "அப்போ எவன் வேணும்னாலும் எந்த நம்பரை வேணும்னாலும் போட்டுக்கலாமா?" ஏறக்குறைய அப்படித்தான் என்றேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அப்படின்னா எதுக்கு நம்பரைக் காட்டறான்?"

இருபத்திரண்டு வருஷத்தில் எந்த மாணவனும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

தொலைபேசித் திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அழைப்பு புறப்படும் வலையமைப்பு, 'கூப்பிடுவது இன்னார்' என்று ஒரு எண்ணை எழுதி அடுத்த வலையமைப்பிடம் தருகிறது. அது அதற்கடுத்ததிடம் தருகிறது. கடைசியில் உங்கள் போன் அதைக் காட்டுகிறது. நடுவில் யாரும் 'இது உண்மையா' என்று கேட்பதில்லை. கேட்பதற்கு அந்த நெறிமுறையில் இடமே வைக்கவில்லை. தபால் உறையின் பின்பக்கம் 'அனுப்புநர்' என்று நாம் எழுதுவது போலத்தான். நான் ஜனாதிபதி பெயரை எழுதினாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுப்பார். ஒரு வித்தியாசம், தபால் உறையில் முத்திரை இருக்கும். எந்த ஊரில் போட்டது என்று தெரியும். பெரியப்பா அதைப் பார்த்திருப்பார்.

மின்னஞ்சலும் இதே கதை. 1982ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையில் 'மெயில் ஃபிரம்' என்று ஒரு கட்டளை. அதற்குப் பக்கத்தில் என்ன எழுதினாலும் சர்வர் 'சரி' என்று சொல்லிவிடும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு தனி சர்வரை வைத்து, பிரின்சிபல் பெயரில் 'நாளை விடுமுறை' என்று கடிதம் அனுப்ப மாணவர்களுக்குச் சொல்லித்தருவேன். நான்கு வரி. உற்சாகமாகச் செய்வார்கள். அதில் யாரும் எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை என்பதை நான் அழுத்திச் சொன்னதில்லை. நெறிமுறை அனுமதித்ததைத்தான் செய்தார்கள். பொய் சொல்பவனுக்கு அங்கே கதவு திறந்தே இருக்கிறது.

வடிவமைத்தவர்கள் முட்டாள்களா? இல்லை. 1969 அக்டோபரில் அர்பாநெட்டின் முதல் செய்தி இரண்டு எழுத்து போனதும் கணினி படுத்துக்கொண்டது. அந்த நிலையில் அவர்களுடைய கவலை, போய்ச் சேருமா என்பதுதான். இணைந்திருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இணையத்தின் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றிய டேவிட் கிளார்க் 1988ல் ஒரு கட்டுரை எழுதினார். இந்த நெறிமுறைகளை எந்த நோக்கங்களுக்காக வடித்தோம் என்று முன்னுரிமை வரிசையில் பட்டியல் போட்டார். ஒரு பகுதி அழிந்தாலும் மற்றது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பது தலையில். யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு வைப்பது கடைசியில். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. அதே வருஷம் நவம்பரில் மோரிஸ் வேர்ம் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிப்போட்டது.

தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 நெறிமுறை 1970களில் பிறந்தது. அப்போது ஒரு நாட்டுக்கு ஒன்றிரண்டு தொலைபேசி நிறுவனங்கள். உள்ளே இருப்பவன் நம்மவன் என்பதே அதன் பாதுகாப்பு. பெரிய வலையமைப்புகள் 'இந்த முகவரிக்கு என் வழியாக வா' என்று ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் பிஜிபி நெறிமுறை 1989ல் வந்தது. அதுவும் சொன்னால் நம்பும் ரகம். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்கச் சொன்னது. அங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனம் 'யூடியூபுக்கு வழி நான்தான்' என்று உள்ளூருக்குச் சொன்ன பொய் வெளியே கசிந்து, உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் இரண்டு மணி நேரம் இல்லாமல் போனது.

கிராமத்தில் வீட்டைப் பூட்டாமல் போவார்கள். அது மடமை இல்லை, அந்த ஊரின் நியாயம். என் சண்டை அந்த வீட்டைக் கட்டியவர்களோடு இல்லை. பூட்டு இல்லாத அந்த வீட்டைத் தேசிய நெடுஞ்சாலைக்கு நகர்த்தி, ஊர்ப் பணத்தையெல்லாம் அதில் கொட்டி, திருட்டுப் போனதும் 'நீ ஏன் விழித்திருக்கவில்லை' என்று கேட்கிறார்களே, அவர்களோடுதான்.

"சார், பழைய நெறிமுறையை மாற்ற முடியாது, உலகமே அதில் ஓடுகிறது" என்பார்கள். நானே சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. 2010 வரை பெரும்பாலான வலைத்தளங்களுக்கும் நம் கணினிக்கும் நடுவே போனது திறந்த அஞ்சலட்டை. அந்த வருஷம் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன நிரல் வந்தது. காபிக்கடை வைஃபையில் உட்கார்ந்து பக்கத்து மேஜைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே கிளிக்கில் நுழையலாம். 2013ல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள். அதன் பிறகுதான் சூடு பிடித்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியது. 2018 ஜூலையில் குரோம், ஹெச்டிடிபிஎஸ் இல்லாத தளம் ஒவ்வொன்றிலும் 'பாதுகாப்பற்றது' என்று எழுதிப் போட்டது. எத்தனையோ வருஷம் முடியாது என்றது பத்து வருஷத்துக்குள் முடிந்தது. எந்தத் தாத்தாவுக்கும் எந்தப் பாட்டிக்கும் விழிப்புணர்வு முகாம் நடத்தி இது நடக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் அஞ்சலட்டை உறைக்குள் போனது.

விழிப்புணர்வின் லட்சணத்தையும் இதிலேயே பார்க்கலாம். 'பூட்டுப் படம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பாதுகாப்பு' என்று வருஷக்கணக்கில் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். பெரியப்பாவின் பாஸ்புக்குக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. பூட்டின் அர்த்தம் வேறு. நடுவழியில் யாரும் படிக்க முடியாது, நீங்கள் பேசுவது விலாசப் பட்டையில் உள்ள பெயருக்குரிய சர்வரோடுதான் என்பது மட்டுமே. அந்தப் பெயர் வங்கியுடையதா திருடனுடையதா என்று பூட்டுக்குத் தெரியாது. திருடனும் பூட்டு வாங்கிவிட்டான். 2023ல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது, மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று. தவறாகப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்தது யார்?

இப்போது ஓடிபிக்கு வருவோம். அது வந்த காலத்தில் நல்ல காரியம்தான். இணையத்தில் கார்டு பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009லேயே கட்டாயமாக்கியது. பல பணக்கார நாடுகள் அப்போது அதை யோசிக்கக்கூட இல்லை. ஆனால் அந்த எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புவது என்றால், நான் மேலே சொன்ன எஸ்எஸ்7 வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவது. அதற்குள் நுழைந்து மற்றவரின் செய்தியைத் திருப்பிக்கொள்ளலாம் என்று 2014லேயே ஜெர்மனியில் ஒரு மாநாட்டில் ஆராய்ச்சியாளர்கள் மேடையில் விளக்கினார்கள். 2017ல் அதே ஜெர்மனியில் திருடர்கள் செய்தே காட்டினார்கள். ஓ2 நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டிய வங்கிக் குறியீடுகளை எஸ்எஸ்7 வழியாகத் திருப்பிக்கொண்டு பணம் எடுத்தார்கள். அங்கே வாடிக்கையாளர் யாருக்கும் ஓடிபியைச் சொல்லவில்லை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், 2016ல் வெளியிட்ட வரைவிலேயே குறுஞ்செய்தி வழிச் சரிபார்ப்பைக் கைவிடும் திசையில் பேசியது. இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியது எழுபத்து நான்கு வயதுப் பெரியவரின் கடமையா, வங்கியின் கடமையா?

அதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. ஓடிபி என்பது வாயால் சொல்லக்கூடிய ரகசியம். அதை யார் தட்டச்சு செய்கிறார்கள் என்று வாங்கும் சர்வருக்குத் தெரியாது. சொல்லக்கூடிய ரகசியத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ஆயுள் முழுக்க ஒரு தடவைகூட ஏமாறாமல் இரு என்கிறார்கள். திருடன் ஆயிரம் பேரிடம் தோற்கலாம். ஒருவரிடம் ஜெயித்தால் போதும்.

வாயால் சொல்ல முடியாத ரகசியத்தைச் செய்ய முடியுமா? முடியும். செய்தாகிவிட்டது. வெப்ஆத்தென் என்ற தரம் 2019 மார்ச்சில் அதிகாரபூர்வமானது. பாஸ்கீ என்று இப்போது சொல்கிறார்களே, அது. சாவி உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும். எந்தத் தளம் கேட்கிறது என்று உலாவியே சரிபார்க்கும். வங்கியின் பெயர் போல ஓர் எழுத்து மாற்றி வைத்த போலித் தளம் கேட்டால் சாவி அசையாது. போனில் எவனாவது கேட்டால் படித்துச் சொல்ல ஆறு இலக்கம் எதுவும் திரையில் இருக்காது. 2017ன் தொடக்கத்தில் கூகுள் தன் ஊழியர்கள் எல்லோருக்கும் இதே வகையிலான சாவியைக் கொடுத்தது. 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களில் ஒருவரின் அலுவலகக் கணக்குகூட அதன் பிறகு போலித் தளத்திடம் பறிபோகவில்லை என்று 2018ல் சொன்னது. அந்த 85,000 பேருக்கும் ஒரே நாளில் புத்தி கூடிவிட்டதா? வேலை செய்தது பூட்டு.

தொலைபேசி எண்ணுக்கும் இதே கதைதான். வெளிநாட்டிலிருந்து இந்திய எண் போல வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி அழைப்புகளை நிறுத்தியதாக அரசே அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வெளிநாட்டுக் கதவு வழியாக உள்நாட்டு எண் வருகிறது என்றால் அது சந்தேகத்துக்குரியது என்று கண்டுபிடிக்கப் பெரிய மேதை வேண்டியதில்லை. முந்தைய நாளும் கோடிக்கணக்கில் வந்திருக்கும், அதற்கு முந்தைய நாளும். ஒவ்வொன்றையும் பெரியப்பா மாதிரி ஒருவர் எடுத்து, 'ஜாக்கிரதையாக' இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம்.

என் நண்பர் ஒருவர் வங்கியில் மேலாளர். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது சரிதான்யா. ஆனா போன பணத்தையெல்லாம் பேங்க் குடுக்கணும்னா எவனும் ஜாக்கிரதையா இருக்க மாட்டான். நாளைக்கு அவனே ஆளை வெச்சு எடுத்துட்டு எங்ககிட்ட வந்து நிப்பான்." இதைத் தள்ளிவிட முடியாது. அப்படிச் சிலர் செய்வார்கள். ஆனால் இதற்கு விடை தேட நாம் இருட்டில் துழாவ வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜில் இருந்த ராஸ் ஆண்டர்சன், 2024ல் காலமானவர், வங்கிப் பாதுகாப்பை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். ஏடிஎம் மோசடியில் அமெரிக்காவையும் பிரிட்டனையும் ஒப்பிட்டார். அமெரிக்காவில் 'நான் எடுக்கவில்லை' என்று வாடிக்கையாளர் சொன்னால், எடுத்தார் என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. பிரிட்டனில் நீண்ட காலம் நேர்மாறு. நஷ்டம் தன் தலையில் விழாததால் பிரிட்டிஷ் வங்கிகள் அசட்டையாகி, அங்கேதான் மோசடி பெருகியது என்பது அவர் கண்டது. என் நண்பர் சொன்ன 'ஜாக்கிரதையா இருக்க மாட்டான்' என்ற விதி வங்கிக்கும் பொருந்தும்.

அதே பிரிட்டன் 2024 அக்டோபர் 7 முதல் விதியை மாற்றிவிட்டது. ஏமாற்றப்பட்டு வாடிக்கையாளர் தானே அனுப்பிய பணத்தைக்கூட, 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, திருடனுக்குக் கணக்கு வைத்துக்கொடுத்த வங்கி பாதி. மோசடியில் வாடிக்கையாளருக்கே பங்கு இருந்தால் கிடையாது. மிக மோசமான அலட்சியம் என்று வங்கி நிரூபித்தாலும் கிடையாது. என் நண்பரின் பயத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தப் பாதிக்குப் பாதி. பெரியப்பாவின் பணம் காற்றில் கரையவில்லை. ஏதோ ஒரு வங்கி யாரோ ஒருவனுக்கு ஆவணம் பார்த்துத் திறந்துகொடுத்த கணக்கில்தான் போய் விழுந்தது. அந்த வங்கியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நம் ஊரில் விதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்பை நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்கிறது. வங்கிப் பக்கமும் இல்லாமல் வாடிக்கையாளர் பக்கமும் இல்லாமல் நடுவில் எங்கோ குறை என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்கிறது. நல்ல வரிகள். ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்வது போன்ற அலட்சியம் என்றால், புகார் கொடுக்கும் வரையிலான நஷ்டம் முழுக்க வாடிக்கையாளருக்கு என்று இன்னொரு வரியும் இருக்கிறது. அந்த ஒரு வரியில் எல்லாப் புகாரையும் அடைத்துவிடலாம். வங்கியின் சொந்த எண் திரையில் ஒளிர, தன் கணக்கு விவரம் காதில் ஒலிக்க, ஒரு பெரியவர் நம்பினார் என்றால் அது அலட்சியமா? அவர் சரிபார்த்தார். சரிபார்க்கக் கொடுத்த கருவி பொய் சொன்னது.

இன்னொரு கேள்வியையும் யாரும் கேட்கவில்லை. பென்ஷன் தேதியும் கடைசி நான்கு இலக்கமும் அவனுக்கு எப்படித் தெரிந்தது? அது பெரியப்பா சொல்லி வெளியே போனதில்லை. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பத்திரமாக வைக்காத நிறுவனத்துக்கு ₹250 கோடி வரை அபராதம் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. அந்த அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். தரவு யாருடையதோ அவருக்கு இழப்பீடு கிடைக்க வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இதே சட்டம் நீக்கச் சொல்கிறது. வீடு புகுந்து திருடியதற்கு அபராதம் உண்டு, வீட்டுக்காரருக்குக் காசு கிடையாது.

நான் கேட்பது மூன்று. திரையில் ஓர் எண்ணைக் காட்டினால் அது உண்மை என்பதற்குக் காட்டும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். முடியாதென்றால் 'சரிபார்க்கப்படாத எண்' என்று காட்டட்டும். வாயால் சொல்லக்கூடிய ரகசியத்தை நம்பிப் பெரும் தொகையை அனுப்பும் வங்கி, அதனால் வரும் நஷ்டத்தைத் தானும் சுமக்க வேண்டும். பணம் போய் விழுந்த கணக்கை வைத்திருந்த வங்கியும் பதில் சொல்ல வேண்டும். இவை எதற்கும் புதிய விஞ்ஞானம் வேண்டாம். நஷ்டம் யார் தலையில் என்பதை மாற்றி எழுதினால், மற்றதை அவர்களே வேகமாகக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் போனது தெரிந்த நிமிடமே 1930க்குக் கூப்பிடுங்கள். நாங்கள் மறுநாள் காலைதான் கூப்பிட்டோம். அதற்குள் பணம் நான்கு கணக்கு தாண்டியிருந்தது. சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். அதற்காகப் பிரேக் இல்லாத பஸ்ஸை ஓட்டுகிறவனை விட்டுவிட முடியாது.

பெரியம்மாவின் ஆபரேஷன் ஏழு மாதம் தள்ளிப்போய், அண்ணன் கடன் வாங்கி நடந்தது. பெரியப்பா இப்போது தெரிந்த எண்ணிலிருந்து கூப்பிட்டாலும் முதலில் எடுப்பதில்லை. நான் கூப்பிட்டாலும் மணி அடித்து நிற்கவிட்டு, பிறகு அவரே திருப்பிக் கூப்பிடுவார். "நீதானாடா?" என்பார். அவர் கண்டுபிடித்துக்கொண்ட சரிபார்ப்பு அது. எங்கள் பாடத்தில் அதற்கு 'கால்பேக்' என்று பெயர், பழைய உத்தி, நல்ல உத்தி. அவருக்கு அந்தப் பெயர் தெரியாது.

இந்தப் பருவத்தில் முதல் வாரம் ஏழு அடுக்குகளை முடித்துவிட்டுப் பலகையில் பெரியப்பாவின் கேள்வியை எழுதிப்போட்டேன்: 'எவன் வேணும்னாலும் போட்டுக்கலாம்னா, எதுக்கு நம்பரைக் காட்டறான்?' எந்த அடுக்கில் கோளாறு என்று எழுதச் சொன்னேன். அறுபத்திரண்டு பேரில் நாற்பதுக்கு மேல் 'பயனர்' என்றே எழுதியிருந்தார்கள். சீனியர்களிடமிருந்து ஜோக் எப்படியோ அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.